இல்லாத மாமாவின் கெஸ்ட் ஹவுஸ்

ஒரு விஷயம் தனக்குத் தெரிந்துவிட்டால், அதை இன்னொரு ஆளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் அந்த அக்காவுக்குச் சோறு இறங்காது. இன்றைக்கு இதை ஒரு நல்ல குணமாகச் சொல்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால், ஹட்டன் பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் நடந்த ஜப்பானிய மொழி வகுப்பில் விசா பேப்பர் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அது தீராத தலைவலி.

அவர் கொட்டகலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தார். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. பால் கரைத்துக் கொடுத்து, மூக்குத் துடைத்து, தொட்டில் ஆட்டி, சாயங்காலம் ஒவ்வொன்றையும் தாயிடம் முழுசாக ஒப்படைக்க வேண்டும். வயது முப்பத்தொன்று. சனி, ஞாயிறு வகுப்புக்கு முதல் பஸ்ஸில் வந்து எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். கதவைத் திறக்க நான் போகும்போது, இன்றைக்கும் தான்தான் முதல் என்று சொல்லிச் சிரிப்பார். என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார். அவரைவிட ஏழு வயது சின்னவள் நான். கையில் ஃபைல் இருந்ததால் மிஸ் ஆகிவிட்டேன்.

பாடம் நடத்தியவர் யாழ்ப்பாணத்துச் சேர். ஜப்பானில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. வாராவாரம் சோதனை வைப்பார். சோதனையின்போது பக்கத்தில் இருக்கும் பிள்ளை பேனாவைக் கடித்தால் இந்த அக்காவுக்குப் பொறுக்காது. முதலில் கண்ணால் காட்டுவார், பிறகு விரலால், அதற்கும் விளங்காவிட்டால் வாயாலேயே சொல்லிவிடுவார். சேர் அவரைத் தனி மேசையில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். அங்கே உட்கார்ந்தும் யாரையும் திரும்பிப் பார்க்காமல், விடையை மட்டும் கொஞ்சம் சத்தமாக யோசித்தார். வகுப்பே எழுதிக்கொண்டது.

"பிள்ளை, இது உமக்கு மட்டும் வைக்கிற சோதனை" என்றார் சேர்.

"எனக்கு மட்டும் தெரிஞ்சி என்னங்க சேர் செய்ய?" என்று கேட்டார் அக்கா. நக்கல் இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். சேர் கரும்பலகையை அழிக்க ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாவது வாரம் நான் அந்தத் தோட்டத்துப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறியபோது, மீதிக் காசைக் கொடுத்துவிட்டுக் கண்டக்டர் "அரிகாதோ" என்று நன்றி சொன்னார். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவே தேவைப்படவில்லை. கங்காணி காலை வணக்கத்துக்கு "ஒஹாயோ" என்று சொல்லித்தான் ஆட்களை வேலைக்குக் கலைத்தார் என்றும் கேள்விப்பட்டேன். அவர் அதைச் சொன்ன தோரணையில் ஜப்பான்காரர்கள் கேட்டிருந்தால் அவர்களும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறியிருப்பார்கள்.

பிள்ளைக்காம்பராவில் நடந்ததுதான் கூத்து. சாப்பிடும் முன்னால் கைகூப்பி ஒரு சொல் சொல்வது ஜப்பானில் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை சேர் அதைப் படிப்பித்தார். திங்கட்கிழமை பிள்ளைக்காம்பராவில் பதினான்கு பிள்ளைகளும் கைகூப்பினார்கள். அதில் மூன்று வயதுப் பையன் ஒருவன் வீட்டிலும் ரொட்டித் தட்டுக்கு முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பி, "இத்தாதாகிமாஸ்" என்றான். வீட்டில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னார்கள், அதே மாதிரி சொன்னான். பிள்ளைமேல் ஏதோ வந்து பேசுகிறது என்று தாய் பயந்துபோனார். தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்கு ஓடினார். பூசாரி திருநீறு போட்டு நூல் கட்டினார். நூல் கட்டிய பிறகு பிரசாதம் கொடுத்தால் அதற்கும் பையன் கைகூப்பி அதே மந்திரத்தைச் சொன்னான். பூசாரி இரண்டாவது நூல் எடுத்தாராம்.

விஷயம் தெரிந்து அக்கா ஓடிப்போய், இது நோயும் இல்லை, பேயும் இல்லை, சாப்பாட்டுக்குச் சொல்லும் நன்றி என்று விளக்கினார். விளக்கிவிட்டுச் சும்மா வந்தாரா? பூசாரிக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வந்தார். இதையெல்லாம் அவர் எங்கள் ஆபீசில் நின்று நடித்துக் காட்டியபோது நான் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தேன். ஃபைலில் பொட்டு மை ஒட்டியதுகூடத் தெரியவில்லை.

சிரித்தாலும் எனக்கு உள்ளுக்குள் கவலை. அவருடைய பேப்பர்கள் சரியில்லை.

எங்கள் மூலமாகப் போகிறவர்கள் முதலில் ஜப்பானில் ஒரு மொழிப் பாடசாலையில் இடம் பிடிக்க வேண்டும். பாடசாலைக்காரர்கள் கம்ப்யூட்டரில் முகம் பார்த்து ஒரு நேர்முகம் வைப்பார்கள். பிடித்திருந்தால் விண்ணப்பத்தை அனுப்பச் சொல்வார்கள், மாணவர் விசாவுக்கு வேண்டிய பத்திரத்தை அங்கேயே எடுத்துத் தருவார்கள். ஆள் உண்மையாகப் படிக்க வருகிறாரா, படிப்புப் பெயரில் வேலைக்கு வருகிறாரா என்பதுதான் அவர்களுடைய ஒரே சந்தேகம். பள்ளிக்கூடம் விட்டு ஒன்றிரண்டு வருஷம் ஆன பிள்ளைகள் என்றால் பிரச்சினை இல்லை. இந்த அக்கா உயர்தரம் முடித்துப் பதினொரு வருஷம். அதை எங்கள் தொழிலில் இடைவெளி என்போம். முதலில் முயன்ற பாடசாலை நேர்முகம்கூட வைக்காமல், இடைவெளி அதிகம் என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டாவது பாடசாலை நேர்முகத்துக்கு ஒத்துக்கொண்டது. அதிலும் தவறினால் அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். பிறகு ஜப்பானை மறந்துவிட வேண்டியதுதான்.

அவர் ஏன் போக ஆசைப்பட்டார் என்று சொல்ல வேண்டும். யாரோ போனில் காட்டிய ஒரு வீடியோ. ஜப்பானில் ஒரு சிறுவர் பள்ளி. நான்கு வயதுப் பிள்ளைகள் தாங்களே சோறு பரிமாறி, தாங்களே கப் கழுவி, தாங்களே தரை துடைக்கிறார்கள். அடுத்த நாளே இவர் பிள்ளைக்காம்பராவில் ஒரு பேசின் தண்ணீரைத் தரையில் வைத்து, பிள்ளைகளை வரிசையாக உட்கார்த்தி, அவரவர் கப்பை அவரவர் கழுவப் பழக்கிவிட்டார். பாதித் தண்ணீர் சட்டையில்தான் போகும். ஆனாலும் விடவில்லை. அந்த ஊரில் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று நேரில் பார்த்துப் படிக்க வேண்டும், படித்துவிட்டு வந்து இங்கே செய்ய வேண்டும் என்பார். முதலில் மொழி, அதற்குப் பிறகு சிறுவர் கல்வி.

இந்தக் காரணம் விசாவுக்கு உதவாது என்று அவரிடம் அடித்துச் சொன்னவள் நான்தான். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தவர் என்று எழுதினால், வேலைக்காரி வேலைக்கு வருகிறாள் என்றுதான் நினைப்பார்கள் என்றேன். சேருக்கு மனமில்லை. இடைவெளியைக் கண்டு அவரும் பயந்திருந்தார், அதனால் தலையாட்டிவிட்டார். நான் ஒரு மாமாவைப் படைத்தேன். நுவரெலியாவில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் மாமா. அக்கா பதினொரு வருஷமாக அங்கே கணக்கும் வரவேற்பும் பார்க்கிறார், இனி ஹோட்டல் நிர்வாகம் படிக்கப் போகிறார். என்னுடைய மற்ற மாணவர்களிலும் பாதிப் பேருக்கு இப்படி ஒரு மாமா உண்டு. அந்த வயதில் என்னை நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமாவுக்கு என்ன பேருங்க மிஸ் வைக்கிறது?" என்று கேட்டார் அக்கா.

பெயரெல்லாம் கேட்க மாட்டார்கள் என்றேன். கேட்டால்? என்றார். உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அடுத்த சனிக்கிழமை வந்தபோது மாமாவுக்குப் பெயர் இருந்தது. அது மட்டுமா, சீனி வியாதி இருந்தது, இடது காலில் ஆறாத புண் இருந்தது, கெஸ்ட் ஹவுஸில் ஆறு அறை இருந்தது, அதில் ஒன்றில் கூரை ஒழுகியது. தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரியாதவர் ஆயிற்றே. முழு வகுப்புக்கும் மாமாவை அறிமுகப்படுத்திவிட்டார். இரண்டு வாரத்தில் பிள்ளைகள் அவரிடம் மாமாவின் கால் எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். கொஞ்சம் பரவாயில்லை என்று இவரும் முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார். ஆனால் ஒருநாள் எல்லோரும் போன பிறகு என் மேசையோரம் நின்று, மெதுவாக ஒன்று சொன்னார்.

"மிஸ், அந்தப் பதினோரு வருசமும் நான் சும்மா இருக்கலீங்க."

எனக்குத் தெரியும் அக்கா, ஆனால் அது பேப்பரில் நிற்காது என்றேன். சரிங்க என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அன்றைக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை.

நேர்முகம் ஒரு சனிக்கிழமைக்கு, எங்கள் ஆபீசில் என்று ஏற்பாடு. கடைசி நேரத்தில் அதை வியாழக்கிழமை காலைக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளைக்காம்பராவில் அக்காவோடு வேலை செய்யும் இன்னொரு ஆயா வியாழக்கிழமைகளில் கிளினிக் போய்விடுவார். பிள்ளைகளை விட்டுவிட்டு அக்கா ஓரடி நகர முடியாது. வேறு வழியில்லாமல் லேப்டொப், இன்டர்நெட் டொங்கிள், ஆபீஸ் கோட் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நான் பஸ் ஏறினேன். அந்தக் கறுப்புக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். எங்கள் மூலமாகப் போன எல்லோருடைய புகைப்படத்திலும் அதே கோட் இருக்கும். அக்காவுக்குக் கை ஒரு சாண் குட்டை.

பிள்ளைக்காம்பரா இரண்டு அறை. நடுவில் நெஞ்சளவு சுவர். ஒரு பக்கம் சேலைத் தொட்டில்கள், மறுபக்கம் பிள்ளைகள் விளையாடும் இடம். தொட்டில் பக்கத்தில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் அக்காவை உட்கார வைத்தேன். மற்றப் பிள்ளைகளைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்த்தி, பிஸ்கட் பாக்கெட் மூன்றைப் பிரித்து, யார் சத்தம் போடாமல் சாப்பிடுகிறார்களோ அவர்களுக்கு இன்னொன்று என்று ஒப்பந்தம் செய்தேன். நேர்முகத்தில் வேறு குரல் கேட்கக் கூடாது. யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நினைத்தால் அதோடு முடிந்தது. இதைச் சேர் பலமுறை சொல்லியிருந்தார்.

திரையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார். பெயர், வயது, ஊர். அக்கா தடுமாறாமல் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அந்த அம்மா நாங்கள் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார். பள்ளிக்கூடம் முடித்துப் பதினொரு வருஷம் என்ன செய்தீர்கள்?

அக்கா வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. பேசத் தெரிந்த பதினொரு பிள்ளைகளும் ஒரே குரலில், ஒரு சொல் பிசகாமல், ராகத்தோடு ஜப்பானிய மொழியில் சொன்னார்கள்: "நான் நுவரெலியாவில் என் மாமாவின் விடுதியில் வேலை செய்தேன். இனி ஹோட்டல் நிர்வாகம் படிக்க விரும்புகிறேன்."

விஷயம் இதுதான். அக்கா மாசக்கணக்காகத் தொட்டில் ஆட்டிக்கொண்டே நேர்முகத்துக்குப் படித்திருக்கிறார். தனியாகப் படிக்க அவருக்கு வராது. அதனால் கேள்வியை இவர் கேட்பாராம், பதிலைப் பிள்ளைகள் சொல்வார்களாம். விளையாட்டுக்கு விளையாட்டு, படிப்புக்குப் படிப்பு. இப்போது அதே கேள்வி லேப்டொப்பிலிருந்து வந்ததும் அதுகள் சமத்தாகப் பதில் சொல்லிவிட்டன. ஒரு பெண்குழந்தை பிஸ்கட் வாயோடு, "மாமாவுக்குக் கால்ல புண்ணு" என்று தமிழில் வேறு சேர்த்துக்கொண்டாள்.

திரையில் அந்த அம்மா அசையவில்லை. கூரைத் தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. என் கை டொங்கிளுக்குப் போனது. பிடுங்கிவிட்டால் சிக்னல் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், எங்கள் மலையில் யாரும் சந்தேகப்படாத பொய் அது ஒன்றுதான். அக்கா என் கையைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு லேப்டொப்பை இரண்டு கையாலும் தூக்கி, சுவருக்கு மேலே வைத்து, பிள்ளைகளின் பக்கம் திருப்பினார்.

திரையில் ஆளைக் கண்டதும் பிள்ளைகள் எழுந்து வரிசையாக நின்று, இடுப்பை வளைத்துக் குனிந்து வணங்கினார்கள். மிகச் சின்னவன் குனிந்த வேகத்தில் தலைகுப்புற விழுந்தான். அக்கா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த உடைந்த ஜப்பானிய மொழியில் பேசினார். வினைச்சொல்லெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"மாமா இல்லை. விடுதி இல்லை. பதினொரு வருஷம், இந்தப் பிள்ளைகள்."

அவ்வளவுதான் சொன்னார். இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அந்த அம்மா கேட்டார். அக்கா தன்னையே சுட்டிக் காட்டினார். இவர்களுடைய அம்மாக்கள் எங்கே என்று கேட்டார். அக்கா ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைக் காட்ட, லேப்டொப்பை அந்தப் பக்கமும் திருப்பினார். அதற்குப் பிறகு நடந்த பேச்சை என்னால் பின்தொடர முடியவில்லை, என்னுடைய ஜப்பானிய மொழி விண்ணப்பப் படிவத்தைத் தாண்டாது. தண்ணீர், கப், பிள்ளை, தானே, கழுவு என்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. அக்கா பேசினை எடுத்துவரச் சொன்னார். பிள்ளைகள் கப்பைக் கழுவிக் காட்டினார்கள். கால் மணி நேர நேர்முகம் முக்கால் மணி நேரம் போனது. முடியும்போது அந்த அம்மா சிரித்தாரா, தலையைத்தான் அசைத்தாரா என்று சரியாகத் தெரியவில்லை, திரையில் எங்கள் சிக்னல் அவரைக் கட்டம் கட்டமாக்கிவிட்டது.

கோட்டைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டே, "கெடுத்துட்டேனாங்க மிஸ்?" என்று அக்கா கேட்டார்.

ஆமாம் என்றேன். எனக்கு அவ்வளவு கோபம். பொய் சொன்னதையும் ஒத்துக்கொண்டாச்சு, பாடமாக்கியதும் தெரிந்துவிட்டது, இனி எந்த முகத்தோடு அந்தப் பாடசாலைக்கு இன்னொருவரை அனுப்புவேன் என்று பிள்ளைகள் பார்த்திருக்கவே கத்தினேன். அவர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துப் பாடசாலையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. சேர்தான் வாசித்தார். இடம் உண்டு. ஒரு நிபந்தனை: விண்ணப்பத்தில் பதினொரு வருஷ வேலையை உள்ளபடி எழுத வேண்டும், தோட்டத்துக் கடிதத்தோடு. இத்தனை வருஷ அனுபவத்தோடு சிறுவர் கல்வி படிக்க வருகிறவர்களைத் தாங்கள் அதிகம் கண்டதில்லை என்றும் எழுதியிருந்தார்கள். சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "எங்கட மூளையை என்னண்டு சொல்லுறது, பிள்ளை?" என்றார்.

நான் ஆபீஸ் மூடக் காத்திருக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறினேன். பிள்ளைக்காம்பராவுக்கு ஏறும் மண்பாதையில் செருப்புப் பிய்ந்துவிட்டது, கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். என் கோலத்தைப் பார்த்ததும் அக்கா பயந்துவிட்டார். கிடைச்சிருச்சு அக்கா என்றேன். தொட்டிலைப் பிடித்திருந்த கையை அவர் விடவில்லை. தூங்கும் குழந்தை எழுந்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்றைக்கு அவர் தந்த தேத்தண்ணியை இரண்டு கப் குடித்தேன். கப்பை நானே கழுவிவைத்தேன், அங்கே அதுதான் சட்டம் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

விசாவும் வந்தது. பாஸ்போர்ட்டை வாங்கி, விசா ஒட்டிய பக்கத்தைக் கண்டக்டர் முதல் பூசாரி வரை எல்லோருக்கும் காட்டினார் என்று கேள்வி. வேன் ஏறிய நாள் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுவதும் ரோட்டில் நின்று ஜப்பானிய மொழியில் போய்வா சொன்னது. கங்காணி மட்டும் பதற்றத்தில் மறந்து "ஒஹாயோ" என்று கத்தினார்.

அவர் போய் இரண்டு மாசம்கூட ஆகவில்லை. ஒரு பகல் வேளை, பாடசாலையின் எண்ணிலிருந்து ஆபீஸ் போனுக்கு அழைப்பு வந்தது. சேர்க்கைக் காலம் இல்லாத நேரத்தில் பாடசாலை அழைத்தால் காரணம் ஒன்றுதான் என்பது எங்கள் அனுபவம். மாணவர் வகுப்புக்கு வருவதில்லை, எங்கேயோ வேலைக்குப் போய்விட்டார், விசா ரத்தாகப் போகிறது. சேரும் இல்லை. இந்த அக்காவா, இருக்காது, ஒருவேளை இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே போனை எடுத்து, தெரிந்த மரியாதைச் சொற்களையெல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

அந்தப் பக்கம் நேர்முகம் செய்த அதே அம்மா. அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்துத் தமிழில் பேசினார்.

"வணக்கமுங்க மிஸ். மழையாங்க அங்க?"

எங்கள் பக்கத்தில் போனை எடுத்தால் முதலில் கேட்பது அதைத்தான். பின்னால் பத்துப் பதினைந்து குரல்கள், எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ, அதே வரியைச் சேர்ந்து சொல்லிப் பார்த்துச் சிரித்தன. அதற்குள்ளே அக்காவின் சிரிப்பும் கேட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பஜார் முழுக்க நல்ல வெயில். அதைச் சொன்னால் அந்த அம்மாவுக்கு விளங்காது. அக்கா தன் தமிழ் வகுப்பில் வெயில் பாடத்துக்கு இன்னும் வந்திருக்க மாட்டார்.

ஆமாங்க, நல்ல மழை என்றேன்.